அத்தையின் பங்கு

ரொட்டியை இரண்டாகப் பிய்க்கிறாள் இஜ்ஜா. பெரிய துண்டின் மேல் வெண்ணெயைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவி, தட்டைக் கல்லின் மேல் வைக்கிறாள். சின்னத் துண்டு தனக்கு, பெரியது அத்தைக்கு. சற்று நேரத்தில் ஓர் அண்டங்காக்கை வந்து அத்தையின் பங்கைத் தூக்கிக்கொண்டு போகும். கேட்டால், "காக்கா தின்னா என்ன, அத்தை தின்னா என்ன? அது கூடு கட்டியிருக்கிறதே அவ இடுப்புலதானே" என்பாள்.

அத்தை என்பது ஒரு பாறை. ஓடைக்கு எதிர்க்கரையில், காலை வெயில் பட்டால் செம்புப் பானையைத் துலக்கி நிறுத்தியது போலச் சிவந்து நிற்கும் செங்குத்துப் பாறை. யார் எது சொன்னாலும் உடனே பதிலுக்குப் பதில் பேசும் குணத்தால் அய்த் வர்கன் ஊரார் வைத்த பெயர் அது. அவளுக்கும் பின்னால், தூரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு குன்று இருக்கிறது. அத்தை பேசி முடித்த பிறகு, காற்று இடம் கொடுத்தால், அதுவும் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொல்லும். அது மாமா. "எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்று இஜ்ஜா சிரிப்பாள். சிரிக்கும்போது மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும். அதை மறைக்க அவள் ஒருநாளும் வாயைப் பொத்தியதில்லை. "அந்தச் சந்து வழியாத்தான் காத்து நல்லா போகுது."

அறுபதை நெருங்கும் உடம்பு. விறகு சுமந்து சுமந்து முன்பக்கம் வளைந்த தோள்கள். முகவாயில் சிறு வயதில் குத்திய ஒற்றைப் பச்சைக் கோடு. நாலு பேர் நடுவில் பேசும்போது அவள் குரல் கரகரவென்று, ஈர விறகு எரிவது போல இருக்கும். அந்தத் தொண்டையிலிருந்தா அந்தப் பாட்டு வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பாட்டுக்கு அவளிடம் வேறு ஒரு தொண்டை இருக்கிறது போலும். அதைத் தட்டைக் கல்லில் நிற்கும்போது மட்டும் எடுப்பாள்.

அவள் பாடுவது வழித்துணைப் பாட்டு. தமாவாய்த் என்பார்கள் மலைக்காரர்கள். மேல் புல்வெளிக்கு ஆடு ஓட்டிப் போகிறவர், பட்டணத்துக்கு வேலை தேடிப் போகிறவர், மணப்பெண்ணாகி வேறு ஊர் போகிறவள் என்று ஊரை விட்டுப் புறப்படுகிற எவருக்கும், பாதையின் கடைசி வளைவு வரை ஒரு குரல் கூடவே போக வேண்டும். தப்பட்டை கிடையாது, குழல் கிடையாது. ஒரு வரி பாட வேண்டும், நிறுத்த வேண்டும். அத்தை அதைத் திருப்பிச் சொல்வாள். மாமா அதன் வாலைப் பிடித்து இழுப்பார். இருவரும் ஓய்ந்த பிறகுதான் அடுத்த வரி. பொறுமையில்லாமல் அதற்குள் வாய் திறந்தால் குரலும் குரலும் முட்டி மோதி நாய்ச்சண்டையாகிவிடும். அப்படிப் பாடுகிறவளை, "அத்தை மேல ஏறி மிதிச்சிட்டா" என்று ஊர் சிரிக்கும். பாட்டு பாதியில் நின்றுபோவது அதைவிடக் கெடுதல். போகிறவர் மீதி வழியைத் துணையில்லாமல் போவார் என்று நம்பிக்கை.

வரிகளை அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து கட்டியதே இல்லை. "வீட்ல உக்காந்தா ரொட்டி வரும். பாட்டு எங்கேருந்து வரும்?" கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "வரி பொறுக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தேவதாருக் காட்டுக்குள் நுழைவாள். ஒரே திசைக் காற்றில் முதுகு வளைந்துபோன மரம், குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு கிளை தாவும் வாலில்லாக் குரங்கு, போன வாரம் வரை மேட்டில் இருந்து இன்று பாதையில் வந்து படுத்துக் கிடக்கும் கல் என்று ஏதாவது ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தும். வரி உதித்த இடத்தில் சின்னச் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு நடப்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். திரும்ப அந்த வழி வரும்போது அடுக்கைப் பார்த்தால் போதும், வரி தானாக வாயில் வந்து நிற்கும். காட்டுப் பாதை நெடுகிலும் இப்படி அவள் அடுக்கிய கற்கள். மேய்ப்பர்கள் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். "இஜ்ஜா வரி கிடக்குது, பாத்துக் கால வை" என்று கூட வருகிறவனை எச்சரிப்பார்கள்.

ஒருமுறை அவள் கணவன் பாஸ்ஸூவின் கறுப்புக் கிடா ஓர் அடுக்கை முட்டித் தள்ளிவிட்டது. அந்த வரி போனது போனதுதான். எத்தனையோ வருடமாகியும் அவளுக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

"என் ஆயுசுலயே நல்ல வரி அது. உன் கிடா தின்னுடுச்சு."

"தின்னிருந்தா பாடியிருக்குமே. மே மேன்னுதானே கத்துச்சு?"

"வளத்தவன் புத்திதானே வரும் அதுக்கு."

தியாகத் திருநாளுக்கு அந்தக் கிடாவை அறுத்தபோது பாஸ்ஸூ ஈரலை இலையில் வைத்து அவளிடம் நீட்டினானாம். "நல்லாத் தேடிப் பாரு. உன் வரி இதுக்குள்ளதான் இருக்கும்." அவள் ஈரலை வாங்கிக்கொண்டு அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பொறுக்கிக்கொண்டு வந்த வரியை அவள் உடனே யாரிடமும் பாடிக் காட்டுவதில்லை. அத்தையிடம்தான் முதலில் கொடுத்துப் பார்ப்பாள். வாய் மூடி முடிகிற சொல்லை அத்தை அப்படியே விழுங்கிவிடுவாள். வாய் திறந்து முடிகிற சொல்லை முழுசாகத் திருப்பித் தருவாள். அதனால் இஜ்ஜாவின் வரிகளெல்லாம் வாய் திறந்தே முடியும். பத்து வரி கொண்டுபோனால் இரண்டு தேறும். தேறாததைப் பற்றி வருத்தம் கிடையாது. "அவளுக்குப் பிடிக்கலன்னா திருப்பித் தர மாட்டா. மூஞ்சிக்கு நேரா நல்லா இருக்குன்னு சொல்லிட்டு முதுகுக்குப் பின்னால சிரிக்கத் தெரியாது அவளுக்கு. இப்படி ஒருத்தி கெடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

சமவெளியில் ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு அவளைப் பாட அழைத்துப் போனார்கள். பெரிய வீடு, பெரிய கூட்டம். முற்றத்தில் நின்று ஒரு வரி பாடினாள். வழக்கம் போல நிறுத்தினாள். காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. அவளுக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்து ஒரு பெரியவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னமும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்துவிட்டது என்று தப்பட்டைக்காரர்கள் முழக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியவள் சொன்னது இன்றும் பேச்சில் உலவுகிறது: "அந்த ஊர்ச் சுவருக்கெல்லாம் காது மட்டும்தான் இருக்கு, வாய் இல்ல."

இப்படிப்பட்டவளுக்குத்தான் இந்தப் பனிக்காலத்தில் அந்தச் சோதனை வந்தது.

கடுமையான காய்ச்சல். இரண்டு காதிலும் சீழ் வைத்து, தலையணையில் முகம் வைக்க முடியாமல் கிடந்தாள். பனி பாதையை மூடியிருந்ததால் யாரும் கீழே டவுனுக்கு இறங்க முடியவில்லை. பிறகு காய்ச்சல் விட்டது, சீழ் வற்றியது. பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் எழுந்து தட்டைக் கல்லுக்குப் போனாள். ஒரு வரி பாடினாள். நிறுத்தினாள்.

அத்தை பேசவில்லை.

இன்னொரு முறை, நெஞ்சைப் பிளந்துகொண்டு பாடினாள். பதில் இல்லை. கீழே ஓடை வெள்ளையாகக் குதித்துக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். தேவதாருக் கிளைகள் பனியை உதறிக்கொண்டு ஆடின, சத்தமில்லாமல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊமையானது மலை அல்ல.

கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆண்டவனே, கண்ணைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, காலைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அழுது ஓய்ந்த பிறகு மடியில் இருந்த ரொட்டியைப் பிய்த்தாள்.  அப்போதும் பெரிய துண்டையே கல்லின் மேல் வைத்தாள். "இத்தன வருஷம் பேசினியே, அதுக்கு" என்றாள். தன் குரல்கூட ஏதோ மெத்தைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உரக்கப் பேசினால் கொஞ்சம் கேட்கும். உதட்டைப் பார்த்தால் மீதி புரியும். அதை வைத்துச் சமாளித்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாவம் என்பார்கள். தோளைப் பிடித்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைப்பார்கள். அதற்கப்புறம் தட்டைக் கல்லுக்கு அவளை யாரும் அழைக்க மாட்டார்கள். எதிரொலி எப்போது முடியும் என்று உத்தேசமாக நினைத்துப் பாடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஈரக் காற்றில் அத்தை சீக்கிரம் ஓய்ந்துவிடுவாள். மேல்காற்று அடித்தால் மாமா வாய் திறப்பார், பேச்சு நீளும். ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. காது இருந்தால்தான் தெரியும்.

கோடை தொடக்கத்தில் கடைசி மகள் யெத்தூவுக்குக் கல்யாணம்.

பக்கத்து வீட்டு ரக்கூஷ் ஒரு நாள் கேணிக்கரையில் அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்தாள். அவளும் நன்றாகப் பாடுகிறவள்தான். இஜ்ஜாவுக்கு அடுத்தபடி என்று ஊர் சொல்வதில் அவளுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு.

"என்னடி, சமவெளிச் சம்பந்தம் வந்ததும் காது கேக்காமப் போச்சா? எத்தன தடவ கூப்பிடறது?"

தெரிந்துவிட்டதோ என்று இஜ்ஜா அவள் முகத்தைப் பார்த்தாள். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "நீயா கூப்பிட்டே? கழுத கத்துதுன்னு நெனச்சேன்."

"கழுதயா? நேத்து காலைல நீ அத்தை மேல ஏறி மிதிச்சதக் கேட்டேனே. பாவம், அவளுக்கு இடுப்பே ஒடிஞ்சிருக்கும்."

"புது மாதிரி பாடிப் பாக்கறேன்."

"நல்லாப் பாத்தே போ. கல்யாணத்தன்னிக்கு இப்படிப் பாடினா புள்ள பாதி வழியில அநாதையா நிப்பா."

ரக்கூஷ் விளையாட்டாகத்தான் சொன்னாள். இஜ்ஜா குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் பாதித் தண்ணீரைச் சிந்திவிட்டு வீடு வந்தாள்.

இதற்கு நடுவில் பாஸ்ஸூ வேறு அவள் உயிரை வாங்கினான். பனி உருகி முடிவதற்குள்ளேயே மீசையை மழித்துவிட்டான். இளவட்டக் காலத்திலிருந்து வளர்த்த மீசை. நெய் தடவி முறுக்கி, ஆட்டுச் சந்தைக்குப் போகும்போது அதைத்தான் முதலில் அனுப்புவான். ஊரே அவனைப் பார்த்து, "யாரு இந்தப் புதுப் பையன்?" என்று கேலி செய்தது. இஜ்ஜா தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சுட்டு உனக்கு மாப்பிள்ளை ஆசை வந்துடுச்சா?"

"வேர்க்குது புள்ள."

"பனியிலயா?"

அது போதாதென்று புதுசாக இன்னொரு வழக்கம். தினமும் காலையில் ஓடைக்கு அப்பால் பக்கவாட்டில் நீளும் மேட்டில் ஆடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். இவள் கல்லில் நின்று பாடும்போது எழுந்து, தன் வெள்ளைக் கம்பளிப் போர்வையை இரண்டு கையாலும் பிடித்துப் படீரென்று உதறுவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உதறுவான். பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

"என்னத்துக்கு அங்க நின்னுகிட்டு துணி தொவைக்கறவன் மாதிரி உதறிட்டு இருக்கே?"

"உண்ணி. போர்வை பூரா உண்ணி."

"வெயில்ல காயப் போடுறதுக்கென்ன?"

"காயப் போட்டா சாகற ஜாதி இல்ல இது."

அந்த மனிதனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டினாள். மகளைப் பிரியப்போகிற துக்கம் ஆண்களுக்கு இப்படித்தான் வரும்போல.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாவு பிசைந்துகொண்டிருந்த மகளின் எதிரில் போய் உட்கார்ந்தாள். உதடு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"யெத்தூ, ரக்கூஷ் பாடட்டுமே. பெத்தவ பாடினா தொண்டை அடைச்சுக்கும்."

"அடைக்கட்டும். அடைச்ச தொண்டையோட பாடு."

"அவளும் நல்லாத்தானே பாடுவா?"

யெத்தூ மாவுக் கையோடு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஊர்ல இருக்கிற எல்லாப் புள்ளைக்கும் நீ துணைக்குப் போனே. எனக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரிய அனுப்புவியாம்மா?"

இஜ்ஜா மகளின் மாவுக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.  வாசலில் பாஸ்ஸூ நின்றுகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழே சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மலையேறி வந்தார்கள். புதினாத் தேநீர், வெண்ணெயும் தேனும், ஆட்டுக்கறி எல்லாம் ஆயிற்று. அலங்கரித்த கோவேறு கழுதையின் மேல் முகத்திரையோடு யெத்தூவை ஏற்றினார்கள். பெண் ஏறிய கழுதையின் கடிவாளத்தைத் தகப்பன் பிடித்து ஊர் எல்லை வரை நடத்திக் கொடுக்க வேண்டும். அதுதான் அவனுக்கு உரிய மரியாதை. வாழ்நாளில் ஒரு முறை கிடைப்பது.

பாஸ்ஸூவைக் காணோம்.

"பொண்ணோட அப்பன் எங்கே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கொட்டிலில் தேடினார்கள், பள்ளிவாசலில் தேடினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா முகம் சுளித்தார். கடைசியில் பாஸ்ஸூவின் தம்பி கடிவாளத்தைப் பிடித்தான். இஜ்ஜாவுக்கு அவமானத்தில் உடம்பு குறுகிப் போயிற்று. இன்றைக்குமா ஆடு மேய்க்கப் போனாய், பாவி மனுஷா! அந்த ஆத்திரத்தோடும் பயத்தோடும்தான் அவள் தட்டைக் கல்லில் ஏறினாள். ரக்கூஷும் மற்றப் பெண்களும் பின்னால் நின்றார்கள்.

கோவேறு கழுதை பாதையில் இறங்கத் தொடங்கியது. பாட்டு முடியும் வரை மணப்பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. யெத்தூவின் முதுகு விறைத்து நிமிர்ந்திருந்தது. அந்த முதுகைப் பார்த்ததும் இஜ்ஜா வாயைத் திறந்தாள்.

*கல்லே, நீ கொஞ்சம் நகர்ந்து படு, என் புள்ள நடந்து வாரா...*

நிறுத்தினாள். உலகம் பஞ்சுக்குள் புதைந்தது போல இருந்தது. அத்தை பேசுகிறாளா? முடித்துவிட்டாளா? இப்போது தொடங்கட்டுமா? தொடங்கினால் மிதித்துவிடுவோமோ? தொடங்காவிட்டால் பிள்ளை தனியாகப் போவாளே! கைகள் தாமாகவே தலைத்துணியைப் பற்றிக்கொண்டன. கழுதை ஒரு வளைவைத் தாண்டியது. அல்லாஹ், அல்லாஹ் என்று உள்ளம் கதறியது.

அப்போது ஓடைக்கு அப்பால், பக்கவாட்டு மேட்டில், வெள்ளையாக ஏதோ எழுந்தது. படீரென்று உதறி விழுந்தது.

இஜ்ஜா வெறித்துப் பார்த்தாள். ஒரே ஓர் ஆள். சுற்றிலும் ஓர் ஆடுகூட இல்லை. கல்யாணத்துக்கு உடுத்திய புது அங்கியோடு, கையில் அந்தப் பழைய கம்பளிப் போர்வையோடு நின்றுகொண்டிருந்தான்.

அவள் இரண்டாவது வரியைப் பாடினாள்.

*பனியே, நீ கொஞ்சம் பொறுத்து இரு, என் புள்ள கடந்து போறா...*

மேல்காற்று எழுந்து அவள் கன்னத்தில் பட்டது. மேட்டில் இருந்த உருவம் அசையவில்லை. போன முறையைவிட அதிகமாகவே காத்திருந்தது. மாமா பேசுகிறார் போல! தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த அந்த உருவம், பிறகு நிமிர்ந்து போர்வையை உதறியது. இஜ்ஜா ஓரக்கண்ணால் ரக்கூஷைப் பார்த்தாள். ரக்கூஷ் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

போர்வை பூரா உண்ணி. வேர்க்குது புள்ள. காலை காலையாக, வாரம் வாரமாக. எல்லாம் ஒரே நொடியில் அவளுக்குள் வந்து விழுந்தன. தொண்டை அடைத்தது. மகள் சொன்னபடி, அடைத்த தொண்டையோடே பாடினாள்.

*தேவதாரே, நீ பார்த்திருந்து சொல்லு, அவ திரும்பிப் பார்த்தாளா...*

வரி மேல் வரியாக, போர்வை உதறும் வரை பொறுத்துப் பொறுத்து, கடைசி வளைவு வரை மகளைக் கொண்டுபோய் விட்டாள். கடைசி முறை போர்வை விழுந்ததும் யெத்தூ கழுதையை நிறுத்தினாள். முகத்திரையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள். முதலில் தாயை. பிறகு, எல்லாரும் தேடிய தகப்பன் தன்னந்தனியாக நின்ற அந்த மேட்டை.

அன்று மாலை விருந்தாளிகள் போன பிறகு அடுப்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்ஸூ நெருப்பு வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்திருந்தான். பனிக்காலத்திலிருந்து அவன் அப்படித்தான் உட்காருகிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் தோன்றியது. மீசை இல்லாத உதடு தெளிவாகத் தெரிந்தது.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"காய்ச்சல் விட்ட மறுநாளே. நீ முதுகைக் காட்டிட்டு இருந்தே. உன்னை வண்டி வண்டியாத் திட்டினேன். நீ திருப்பித் திட்டல. காதுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா பாடறத நிறுத்திடுவே. நிறுத்திட்டா நீ என்னத்துக்கு ஆவே? நான் என்னத்துக்கு ஆவேன்?"

அவள் ஒரு சுள்ளியை ஒடித்து அடுப்பில் போட்டாள்.

"கடிவாளம் பிடிக்காம விட்டுட்டியே" என்றாள் கடைசியில். "ஊரு ஏசுது."

"கடிவாளத்தத் தம்பி பிடிப்பான். போர்வைய எவன் பிடிப்பான்?" தேநீரை ஊதிக் குடித்தான். "சந்தை நாள்ல டவுனுக்குப் போயி டாக்டர்கிட்ட காட்டுவோம்."

"அவரு அத்தையக் கேக்க வெச்சுடுவாரா?"

"ரக்கூஷ் வம்பையாவது கேக்க வெப்பாரு."

இஜ்ஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பல்லில்லாத சந்து தெரியச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை வழக்கம் போலத் தட்டைக் கல்லுக்குப் போனாள். பாடினாள். மேட்டில் வெள்ளைப் போர்வை எழுந்தது, விழுந்தது. அடுத்த வரி. எழுந்தது, விழுந்தது. பாடி முடித்ததும் மடியிலிருந்து ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். பெரிய துண்டில் வெண்ணெயைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினாள். பிறகு சின்னத் துண்டை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். "கோவிச்சுக்காத அத்தை" என்றாள்.

பெரிய துண்டைத் தலைத்துணியின் முனையில் முடிந்துகொண்டு ஓடைக்கு இறங்கினாள். பனி உருகிய தண்ணீர் முழங்கால் வரை கடித்தது. அக்கரை ஏறி, மூச்சு வாங்க மேட்டை அடைந்தபோது பாஸ்ஸூ போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும், "என்ன புள்ள, இங்க எதுக்கு வந்தே?" என்று உதடு அசைந்தது.

அவள் அவன் கையிலிருந்த போர்வையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, முடிச்சை அவிழ்த்து, அத்தையின் பங்கை அதில் வைத்தாள்.